இரண்டு கட்டு லுங்கிக்குக் கீழே

மஹ்ஜபீன் மலைக்கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவள். கீழே அவள் அத்தா ஹபீபுல்லாவின் மொத்த லுங்கிக் கடை, மேலே வீடு. ஜன்னலைத் திறந்தால் முதலில் பாறைதான் தெரியும். இருபது வருஷத்தில் அந்தப் பாறை இடுக்கில் என்ன முளைக்கிறது என்று ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாளா என்றால், இல்லை. காலேஜில் தாவரவியல் எடுத்ததும் ஆசைப்பட்டு அல்ல. வேதியியல் கேட்டாள், சீட் இல்லை என்றார்கள், கிடைத்ததை வாங்கிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளை ஒரு காய்ந்த பூ பிடித்துப் போட்டது.

இரண்டாம் வருஷக் கடைசியில் அக்னஸ் மிஸ் எல்லோரையும் ஹெர்பேரியத்துக்குக் கூட்டிப் போனார். ஹெர்பேரியம் என்பது செடிகளின் லைப்ரரி. புத்தகத்துக்குப் பதிலாக, காய வைத்துக் கெட்டி அட்டையில் ஒட்டிய செடிகள் பீரோ பீரோவாக இருக்கும். ஒவ்வொரு அட்டையும் ஒரு ஷீட். மூலையில் எந்த மலை, எத்தனை அடி உயரம், என்ன தேதி, பறித்தவர் யார் என்று ஒரு சீட்டு. மிஸ் நானூற்றுப் பதினொன்றாம் ஷீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எழுபது வருஷத்துக்கு முன்னால் பச்சைமலையில் யாரோ தோண்டி எடுத்த சின்னக் கிழங்குச் செடி. இலை இல்லை. ஒரு சாண் தண்டு, நுனியில் ஒரு பூ. ‘1900 அடிக்கு மேல் எங்கும் மிகுதி. முதல் கோடை மழை முடிந்து மூன்றாம் நாள் பூக்கிறது’ என்று மையால் எழுதியிருந்தது. எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். பூவின் வெள்ளை பழுத்துப் பழுப்பாகிவிட்டது. ஆனால் இதழின் நடுவே ஓடிய ஊதாக் கோடு மட்டும் நேற்று இழுத்ததுபோல் இருந்தது. மஹ்ஜபீனுக்கு மேல் சிலிர்த்தது. என்ன ஏது என்று அவளுக்கே புரியவில்லை.

அந்தச் செடிக்கு நீளமாக ஒரு லத்தீன் பெயர் உண்டு. சொன்னால் வாய் சுளுக்கும். அதனால் பிள்ளைகள் அதை ‘நானூத்தி பதினொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள்.

அக்னஸ் மிஸ்ஸின் திட்டம் எளிமையானது. மே மாதம் பத்துப் பேர் பச்சைமலைக்குப் போவது. ஜோடிக்கு ஐந்து பழைய ஷீட். அதில் எழுதிய இடத்துக்கே போய், அந்தச் செடி இன்னும் அங்கே இருக்கிறதா, வெயில் கூடிப்போய் மேலே நகர்ந்துவிட்டதா, இல்லை ஒரேயடியாகப் போய்விட்டதா என்று பார்ப்பது. மஹ்ஜபீனுக்கு ஜோடியாக வந்தவள் மேலப்புதூர் ஜெஸ்லின். அப்பா டீச்சர், அம்மா டீச்சர், கேட்கவா வேண்டும், எதை எழுதினாலும் கோடு போட்டுத் தேதி போட்டுத்தான் எழுதுவாள்.

மலையில் ஒரு ஸ்கூல் கட்டடத்தில் தங்கினார்கள். முதல் வாரத்திலேயே மஹ்ஜபீன் வாய் பிளந்து நின்றாள். ஷீட்டில் எழுதிய இடத்தில் எந்தச் செடியும் இல்லை. நூற்றைம்பது அடி மேலே ஏறினால் இருக்கிறது. இன்னொன்று இருநூறு அடி மேலே. செடிக்குக் கால் ஏது? தாய்ச்செடி வெயிலில் கருகிவிடும். அது உதிர்த்ததில் மேலே விழுந்த விதை மட்டும் பிழைக்கும். அந்தப் பிள்ளை உதிர்த்ததிலும் இன்னும் மேலே விழுந்ததுதான் பிழைக்கும். இப்படியே செத்தும் பிழைத்தும் எழுபது வருஷம், ஒரு சத்தம் இல்லாமல், மலை முழுக்க மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

“ஏய், இதுங்க நடந்து வந்திருக்குடி” என்றாள் ஜெஸ்லின், ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு. வழக்கமாக எதற்கும் அசராதவள். அவள் குரலே அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது.

நான்கு செடிகள் கிடைத்துவிட்டன. நானூற்றுப் பதினொன்று மட்டும் கிடைக்கவில்லை. மழை வந்தால்தானே அது மண்ணை விட்டு வெளியே தலைகாட்டும்? பதினெட்டு நாள் வானம் பொட்டுத் தண்ணீர் விடவில்லை. பத்தொன்பதாம் நாள் இடி இடித்துக் கொட்டித் தீர்த்தது. அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். வழியில் ஜெஸ்லினுக்குக் கால் பிசகிக்கொண்டது. “நீ மேல போ. நான் இங்க உக்காந்து மரத்த அளந்துட்டிருக்கேன்” என்று அனுப்பிவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் இல்லை. இரண்டாயிரத்தில் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறிலும் இல்லை. மூவாயிரத்து நூறு அடியில், ஒரு பாறை விளிம்பில், இலையே இல்லாமல் ஒரு சாண் தண்டு நின்றது. நுனியில் வெள்ளைப் பூ. இதழின் நடுவே ஊதாக் கோடு. மஹ்ஜபீன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுபது வருஷமாகப் பீரோவுக்குள் படுத்திருந்தது எழுந்து வந்து காற்றில் தலையாட்டுகிறது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது?

அதோடு விட்டிருக்கலாம். அக்னஸ் மிஸ் முதல் நாளே மைக் தேவைப்படாத குரலில் ஒன்று சொல்லியிருந்தார்: “இருபதுக்குக் குறைவா இருந்தா தோண்டவே கூடாது. எண்ணு, போட்டோ எடு, வந்துரு. மீறித் தோண்டினா உனக்குப் பேரு ஸ்டூடன்ட் இல்ல, திருடி.” அதெல்லாம் மஹ்ஜபீனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் ‘எங்கும் மிகுதி’ என்று பழைய சீட்டிலேயே இருக்கிறதே, பாறைக்கு அந்தப் பக்கம் போனால் கூட்டமாக நிற்கும் என்று மனசு அடித்துச் சொன்னது. போட்டோ போதாது, ஷீட் இருந்தால்தான் அது ரெக்கார்ட் என்பதும் தெரியும். எழுபது வருஷம் கழித்து வரப்போகும் புது ஷீட்டின் மூலையில் ‘சேகரித்தவர்: ஹ. மஹ்ஜபீன்’ என்று எழுதியிருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆசை யாரை விட்டது? கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டாள். ஒரு சின்ன வெங்காயம் அளவுதான் இருந்தது.

பிறகுதான் பாறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கமும் இல்லை. கீழே சரிவில் இல்லை. மத்தியானம் வரை தேடினாள். இறங்கி வந்ததும் ஜெஸ்லின் நோட்டை விரித்து, “எத்தன?” என்று கேட்டாள்.

“இருபத்தி மூணு” என்றாள் மஹ்ஜபீன்.

இருபது என்றால் சந்தேகம் வரும், இருபத்திமூன்று என்றால் எண்ணிய மாதிரி இருக்கும் என்று எப்படித்தான் அந்த நேரத்தில் தோன்றியதோ! நாளைக்குத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஜோடியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். ஜெஸ்லின் பிசகின காலை நீட்டிக்கொண்டே, பார்க்காத இருபத்திமூன்று செடிக்குக் கையெழுத்துப் போட்டாள். சிநேகிதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

செடியைக் காய வைக்க அவர்களிடம் பிரஸ் இருந்தது. இரண்டு மரச்சட்டம், நடுவில் பேப்பர் மடிப்புகள், மடிப்புக்குள் செடி, மேலே பாரம், அவ்வளவுதான். கிழங்குச் செடி என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. முதலில் கிழங்கைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிச் சாகடிக்க வேண்டும். அன்றைக்கு மஹ்ஜபீன் யாரும் கிழங்கைப் பார்த்துக் கேள்வி கேட்பதற்கு முன்னால் மறைத்தால் போதும் என்று, தண்ணீரும் வைக்காமல் ஒன்றும் வைக்காமல், அவசரமாகப் பேப்பருக்குள் சொருகிவிட்டாள்.

மிச்சமிருந்த நான்கு நாளும் அந்தச் சரிவைச் சீப்பால் வாருவதுபோல் வாரினாள். நானூற்றுப் பதினொன்று இன்னொன்று கிடைக்கவில்லை. மலையிலேயே கடைசியாக இருந்ததை நம் கையால் தோண்டிவிட்டோம் என்று ஐந்தாம் நாள், துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. தூசி விழுந்துவிட்டது என்று ஜெஸ்லினிடம் சொன்னாள்.

காலேஜில் செடி உலர்த்தும் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் பிரஸ்ஸை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தினமும் பேப்பர் மாற்றிக் காய வைக்கச் சொன்னார் மிஸ். மற்ற பிள்ளைகள் அம்மிக்கல்லும் அரிசி மூட்டையும் தேடினார்கள். மஹ்ஜபீனுக்கு அந்தக் கவலை இல்லை. ஹபீபுல்லா கடையின் பின் ரூமில் பிரஸ்ஸை வைத்து அதன்மேல் இரண்டு கட்டு லுங்கியைத் தானே தூக்கி வைத்தார். வாடிக்கையாளர் யார் வந்தாலும், “உள்ள எம் பொண்ணு மலையில புடிச்ச செடி காயுது. சத்தம் போடாதீங்க” என்று வேறு சொன்னார். செடிக்குச் சத்தம் ஆகாது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது.

அவர் பெருமைப்படப் பெருமைப்பட மஹ்ஜபீன் குறுகிப்போனாள். தினமும் கட்டை இறக்கி நான்கு செடிகளுக்கும் பேப்பர் மாற்றினாள். அடியில் இருந்த ஐந்தாவது மடிப்பை மட்டும் தொடவில்லை. தான் கொன்றதைத் தானே பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஆனாலும் பதினாறு நாள் மூடிக்கொண்டாள்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஷீட் ஒட்ட வர வேண்டும் என்று மிஸ்ஸிடமிருந்து வாட்ஸ்அப் வந்துவிட்டது. வேறு வழியில்லை. கடை திறப்பதற்கு முன்னால் அத்தா லுங்கிக் கட்டுகளை இறக்கி வைக்க, மஹ்ஜபீன் பிரஸ்ஸைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்தாள். நான்கு செடிகளும் அப்பளமாக விறைத்திருந்தன. ஐந்தாவது மடிப்பில் பேப்பர் ஒரு பக்கம் லேசாக மேடு தட்டியிருந்தது.

பிரித்தாள்.

பூ காய்ந்துவிட்டது. தண்டும் காய்ந்துவிட்டது. கிழங்கின் உச்சியிலிருந்து, விரல் நீளத்துக்கு, வெளிர்மஞ்சளாக ஒரு இலை வெளியே வந்திருந்தது. மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் நெளிந்து, பேப்பர் மடிப்பு முடிகிற ஓரத்தில் முட்டி, அங்கே ஒரு சின்னக் கிழிசல் உண்டாக்கி, அதன் வழியாக நுனியை நீட்டியிருந்தது. நுனியில் மட்டும் கடுகளவு பச்சை.

மஹ்ஜபீன் பேப்பரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். குனிந்து பார்த்த ஹபீபுல்லாவின் கண் அகன்றது.

“சுப்ஹானல்லாஹ்! இது உசுரோட இருக்கா மா?”

“ஆமாத்தா.”

“மேல ரெண்டு கட்டு இருந்துச்சே. முப்பது கிலோவுக்குக் கொறையாதே. தண்ணி ஊத்தினியா?”

“இல்லத்தா.”

“வெளிச்சமும் இல்ல.” அவர் தரையில் கிடந்த கட்டையும் அந்த இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு, பெரிய மனுஷர் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஷட்டர் திறக்க அரை மணி நேரம் தாமதம். கடையின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

மஹ்ஜபீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தோண்டினாள், நசுக்கினாள், இருட்டில் போட்டு மறைத்தாள், மறந்துவிடக்கூடப் பார்த்தாள். அது இவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை சின்ன ஒன்றுக்கு இத்தனை பெரிய பிடிவாதமா என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. ஈரத் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, தெப்பக்குளத்து நெரிசலில் யார் தோளும் இடிக்காமல் நடந்து காலேஜுக்குப் போனாள்.

லேபில் எல்லோரும் பசையும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடடே! கிழங்க வெந்நீர்ல முக்காம வெச்சிட்டியா? வருஷா வருஷம் யாராவது ஒருத்தி இதப் பண்ணிருவீங்க. ஒரு தடவ ஒரு கிழங்கு ஷீட்டுல ஒட்டினதுக்கு அப்புறம் முளைச்சுச்சு, தெரியுமா?” எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் பேசிக்கொண்டே மூலையில் இருந்த கரண்ட் கெட்டிலில் தண்ணீர் பிடித்து சுவிட்சைப் போட்டார். “பரவால்ல. இப்ப முக்கிட்டு மறுபடி வெச்சிரலாம். ரெண்டு நாள்ல காஞ்சிரும்.”

“மிஸ், இது உசுரோட இருக்கு” என்றாள் மஹ்ஜபீன்.

“அதனாலதான முக்கறோம். இது இல்லாட்டி எனக்கு ரெக்கார்டே இல்ல. மேலதான் இருபத்திமூணு நிக்குதே, ஒண்ணு போனா என்ன?” மிஸ் கிழங்கை இடுக்கியால் எடுத்துப் பிடித்துக்கொண்டார். பொல்லாத மனுஷி அல்ல. நோட்டில் இருப்பதை நம்பினார், அவ்வளவுதான்.

கெட்டில் இரைய ஆரம்பித்தது. மஹ்ஜபீன் ஜெஸ்லினைப் பார்த்தாள். ஜெஸ்லின் தன் ஷீட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும். ஷீட் வரும், மூலையில் பெயர் வரும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மிஸ் மூடியைத் திறந்தார். ஆவி மேலே வந்து அந்த வெளிறிய இலையில் பட்டது.

“வேணாம் மிஸ்! இருபத்திமூணு இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு. இதேதான்.”

மிஸ் இடுக்கியைப் பின்னால் இழுத்தார். கெட்டிலை அணைத்தார். கிழங்கைத் திரும்பவும் ஈரத் துணியில், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

“இருபத்திமூணுன்னு ரிப்போர்ட் போயிருந்தா என்ன ஆயிருக்கும், தெரியுமா மஹ்ஜபீன்? நல்லா இருக்குன்னு எழுதி மூடிருப்பேன். அப்புறம் அம்பது வருஷத்துக்கு ஒருத்தரும் அதத் தேடிப் போக மாட்டாங்க. நீ தோண்டினதுகூட ஆச. அந்த நம்பர் இருக்கே, அதான் கொல.”

அவள் தலை நிமிரவில்லை. நோட்டில் அவளுடைய ஐந்து செடிக்கும் எழுதிய பக்கமெல்லாம் ரத்து, நன்றாகக் கிடைத்த நான்கு செடிகளும் சேர்த்து, அடுத்த கோடையில் முதலிலிருந்து ஏற வேண்டும் என்றார் மிஸ். ஜெஸ்லின் எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

“என் கையெழுத்தையும் சேத்துப் பொய்யாக்கிட்டியேடி. கேட்டிருந்தா நொண்டிக்கிட்டே வந்து தேடிருப்பேன்ல.” அதற்குமேல் அவள் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினாள் மஹ்ஜபீன், கிழங்கைத் திரும்ப மலையிலேயே நட, கையில் டப்பாவோடு. ஜெஸ்லின் வந்தாள், ஆனால் நான்கு சீட் தள்ளி உட்கார்ந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் தூரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் வெயிலில் நின்றது. மஹ்ஜபீன் டப்பாவை லேசாகத் திறந்து வைத்தாள். இலையின் மஞ்சள் போய், பாதிக்குமேல் பச்சை ஏறியிருந்தது. டோல்கேட்டில் அக்னஸ் மிஸ் ஏறி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழி நெடுக டப்பாவுக்கு முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டு வந்தார்.

பாறை விளிம்பில் அவள் தோண்டிய குழி அப்படியே இருந்தது. மழையில் ஓரம் மட்டும் சரிந்திருந்தது. மஹ்ஜபீன் மண்டியிட்டு மண்ணைக் கிளறினாள். அப்போதுதான் ஜெஸ்லின் ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“இங்கயே வெச்சா, இன்னும் கொஞ்ச வருஷத்துல இங்கயும் வெயில் ஏறிரும்ல? மத்ததெல்லாம் மேல போவுது. இதையும் கொஞ்சம் மேல கொண்டு போய் வெப்போமே.”

மிஸ் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். “போய் மண்ணு இருக்கான்னு பாரு. ஒரு எரநூறு அடி கெடச்சாகூட அதுக்கு எழுபது வருஷம் மிச்சம்.”

மஹ்ஜபீன் டப்பாவையும் ஜி.பி.எஸ்.ஸையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். அன்றைக்கும் அடுத்த நான்கு நாளும் பக்கவாட்டிலும் கீழேயும் தேடினாளே தவிர, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கவனித்ததே இல்லை. பத்து அடி ஏறினாள். முப்பது அடி. கையை ஊன்றி ஒரு மொட்டைப் பாறையில் ஏறி நிமிர்ந்தாள். காற்று அவளைப் பின்னால் தள்ளியது. எதிரே ஒன்றுமில்லை. நான்கு பக்கமும் மலை கீழே இறங்கிப் போனது. வெகு ஆழத்தில் ஊரும் வயலும் ரோடும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அதற்கப்புறம் வானம், வானம், வானம். அத்தனை பெரிய ஆகாயத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மடியில் வைத்துக் கொண்டுவந்தது எங்கே வந்து நின்றிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

கீழேயிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. “என்னம்மா? இன்னும் மேல எடம் இருக்கா?”

மஹ்ஜபீன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இல்ல மிஸ். மலை முடிஞ்சு போச்சு.”

பிறகு மெல்லக் கீழே இறங்கினாள். அந்தப் பழைய குழியிலேயே கிழங்கை வைத்து, ஆறு கையும் சேர்ந்து மண்ணை மூடின.